டிராகன்ரெல்ம்ஸ்: பின்னேரம் இரண்டு மணி நேரம் மட்டும் கிடைப்பவர் சண்டை பழகுவது எப்படி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படமே இல்லாமல், எழுத்தை வாசித்து எழுத்தைத் தட்டி விளையாடும் விளையாட்டுகளில், சண்டைத் திறனை வளர்க்கும் முறையை இவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கும் இன்னொன்றை நான் பார்க்கவில்லை. மாதக் காசு கட்டலாமா என்று கேட்டால், பொறுமையாக வாசிக்கக்கூடியவர் என்றால் ஓம், கட்டலாம். பஸ்ஸில் போகும்போது போனில் ஐந்து நிமிடம் தட்டிவிட்டு மூடிவைக்க ஒன்று தேடுகிறீர்கள் என்றால் இதை விடுங்கள், காசும் வீண், மனமும் சலிக்கும். நான் எழுதப்போவது பெரும்பாலும் சண்டைப் பக்கத்தைப் பற்றித்தான். இந்த விளையாட்டில் வியாபாரம் இருக்கிறது, மந்திர ஆராய்ச்சி இருக்கிறது, களவு இருக்கிறது, நாள் முழுக்க இருந்து ஆட்களோடு கதைத்துக்கொண்டே இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் புதிதாக வரும் எங்கள் பெடியள் பாதியில் விட்டுவிட்டுப் போவது சண்டையில்தான், அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

டிராகன்ரெல்ம்ஸை நடத்துவது சிமுட்ரோனிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். 1996 இல் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. 1996 என்றால் இங்கே வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து போன இடங்களிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த காலம், அப்படியொரு உலகம் எங்கோ ஓடத் தொடங்கியது இங்கே யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த உலகத்தின் பெயர் எலாந்தியா. மனிதர், எல்ஃப், குள்ளர் என்று 11 இனங்கள், பார்பேரியன், ரேஞ்சர், எம்பத், மூன் மேஜ் என்று 11 கில்ட்கள், அதாவது உங்கள் பாத்திரம் சேரும் தொழிற்குழுக்கள். திறன்கள் எல்லாம் ஆயுதம், கவசம், மந்திரம், பிழைப்பு, அறிவு என்று ஐந்து தொகுதிகளுக்குள் வரும். நீங்கள் சேரும் கில்டைப் பொறுத்து ஒரு தொகுதி கெதியாக வளரும், இரண்டு நடுத்தரமாக வளரும், மற்ற இரண்டும் மெதுவாக வளரும். சண்டைதான் வேண்டும் என்று வருகிறவர் பார்பேரியனாகத் தொடங்கினால் ஆயுதத் தொகுதி முதலிடத்தில் கிடைக்கும், கவசமும் பிழைப்பும் இரண்டாம் இடத்தில் கிடைக்கும், இதைவிட நேரடியான தொடக்கம் இல்லை. எம்பத் மற்றவர்களின் காயத்தைத் தன் உடம்புக்கு வாங்கி ஆற்றுபவர். உயிருள்ள ஒன்றை அடித்தால் அவருடைய ஆற்றலே பாதிக்கப்படும். அழகான பாத்திரம்தான், சண்டை பழக வருகிறவர் முதல் தடவையிலேயே அதை எடுக்காமல் இருப்பது நல்லது.

கட்டளைகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதிப் போகிறேன், விளங்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதில் எதிரியைக் கொன்றால் இத்தனை புள்ளி என்று ஒரு மொத்த எண் ஏறி லெவல் கூடுகிற முறை இல்லை. எதைப் பாவிக்கிறீர்களோ அதுதான் வளரும். சிறு வாளை வீசினால் சிறு வாள், கவணால் எறிந்தால் கவண், வெறுங்கையால் குத்தினால் கைச்சண்டை, அடியிலிருந்து விலகினால் விலகல், கேடயத்தில் வாங்கினால் கேடயம். அதுவும் நேரடியாக ஏறாது. ஒவ்வொரு திறனுக்கும் மனத்தில் தனியாக ஒரு தேக்கம் இருக்கிறது, நீங்கள் செய்கிறது எல்லாம் முதலில் அதற்குள் போய் விழும், பிறகு அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊறித்தான் நிலையான ரேங்க், அதாவது அந்தத் திறனின் படிநிலை எண், ஆகும். அந்த ஊறல் ஒரு திறனுக்கு 200 செக்கனுக்கு ஒரு தடவை நடக்கும். தேக்கம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை விளையாட்டே சொல்லும்: ‘கிளியர்’ என்றால் வெறுமை, 0. அங்கிருந்து படிப்படியாக ஏறி 34 இல் ‘மைன்ட் லொக்’. அந்த நிலைக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் அந்தத் திறனில் நீங்கள் செய்கிற எதுவும் உள்ளே போகாது. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் செம்பாட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பாத்தி நிரம்பிய பிறகும் அதற்குள்ளேயே விட்டுக்கொண்டு நின்றால் தண்ணீர்தான் வீண், மறித்து அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட வேண்டும்.

கெதியாக வளர்வதன் முழு ரகசியமும் இதற்குள்தான் இருக்கிறது. ஒரே வாளை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அடிக்கிறவர், அந்த வாள் தேக்கம் நிரம்பிய பிறகு வெறும் கையசைப்புத்தான் செய்கிறார். அதே இரண்டு மணி நேரத்தில் சிறு வாள், பெரிய வாள், சிறு தடி, எறி ஆயுதம், கைச்சண்டை என்று ஐந்தை மாற்றி மாற்றிப் பாவிக்கிறவர் ஐந்து தேக்கங்களையும் ஒரே நேரத்தில் ஊறவிடுகிறார். ஒன்று 34 ஐத் தொடும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நன்றாக ஏறிவிட்டது என்று கண்டதும் மாற்றுங்கள், முதலாவது மெல்ல இறங்கி வருவதற்குள் மற்றவற்றைச் சுற்றி முடித்துத் திரும்பலாம். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் வளர்க்க விரும்பும் எந்தத் திறனும் வெறுமையாக நிற்கக்கூடாது. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்று தட்டினால் பட்டியல் வரும், இடைக்கிடை அதைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள்.

இன்னொரு நன்மை, கைச்சண்டை தவிர்ந்த நெருங்கிய சண்டை ஆயுதங்கள் எதை மாற்றினாலும் ‘மெலி மாஸ்டரி’ என்ற பொதுத் திறனும் கூடவே வளர்கிறது. வில், கவண், எறி ஆயுதங்களுக்கு ‘மிசைல் மாஸ்டரி’ என்று இன்னொன்று. ஆகவே ஆயுதம் மாற்றுவதால் கவனம் சிதறுகிறது என்று நினைக்கத் தேவையில்லை, அடித்தளம் ஒன்று அடியில் ஏறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது எதிரியைத் தெரிவு செய்வது. என் அனுபவத்தில் புதியவர்கள் அதிக நேரத்தை இழப்பது இங்கேதான். கிரோசிங் நகரில் தொடங்குகிறவர்கள் முதலில் எலியை அடிப்பார்கள், பிறகு கொப்ளின், பன்றி என்று போவார்கள். என் சித்தியின் மகன் ஒருவன் இதைத் தொடங்கினான், எலி சுலபமாகச் சாகிறது என்று அங்கேயே நின்றுவிட்டான். ஒருநாள் போன் எடுத்து, “அண்ணா, இவ்வளவு எலி அடிச்சும் ஒண்டும் ஏறுதில்லையே, விளையாட்டில ஏதும் பிழையோ?” என்று கேட்டான். “பிழை இல்லையடா தம்பி, எலிக்கு உனக்குச் சொல்லித்தர இனி ஒண்டும் இல்லை, இடத்தை மாத்து” என்றேன். அடுத்த இடத்துக்குப் போன அன்றைக்கே தேக்கங்கள் ஏறத் தொடங்கின.

இந்த விளையாட்டில் உங்களைவிட மிகவும் பலவீனமான எதிரியிடமிருந்து ஒன்றும் படிக்க முடியாது. மிகவும் பலமான எதிரி என்றால் உங்கள் அடி படாது, அவனுடைய அடி மட்டும் படும், படிப்பதற்கு முன் சாவு வந்துவிடும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைப் பிடிக்க வேண்டும். ‘அப்ரைஸ்’ என்று தட்டி எதிரியின் பெயரைக் கொடுத்தால் உங்களோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பீடு வரும். ஆனால் நான் அதைவிட நம்புவது எக்ஸ்பீரியன்ஸ் பட்டியலை. ஒரு புது இடத்துக்குப் போய் சில நிமிடம் அடித்துப் பாருங்கள். ஆயுதத் தேக்கமும் விலகல் தேக்கமும் இரண்டும் ஏறுகின்றன, உடம்பில் காயம் பெரிதாக இல்லை என்றால் அதுதான் உங்கள் இடம். ஆயுதம் ஏறுகிறது, விலகல் ஏறவில்லை என்றால் எதிரி உங்களைத் தொடக்கூட முடியாதவன், மேலே போகலாம். விலகல் ஏறுகிறது, ஆயுதம் ஏறவில்லை, கையிலும் காலிலும் இரத்தம் என்றால் உடனே பின்வாங்குங்கள்.

இனிச் சொல்வதைப் பலர் நம்பமாட்டார்கள்: கெதியாகக் கொல்லாதீர்கள். செத்த எதிரி ஒன்றும் சொல்லித்தரமாட்டான். அடுத்தவன் வரும்வரை நீங்கள் சும்மா நிற்கிற நேரம் வீணான நேரம். பாதுகாப்புத் திறன்கள் மூன்றும், அதாவது விலகல், பறி (வரும் அடியை ஆயுதத்தால் தடுப்பது), கேடயம் ஆகியவை, உங்களை யாராவது அடிக்கும்போதுதான் வளரும். அதனால் ஒரு எதிரியையாவது உயிரோடு முன்னால் நிறுத்திக்கொண்டு, அவன் அடிக்க அடிக்க நீங்கள் ‘பொப்’, ‘வீவ்’, ‘சேர்க்கிள்’ என்ற அசைவுகளைச் செய்துகொண்டிருந்தால் பாதுகாப்பும் ஏறும், ‘டாக்டிக்ஸ்’ என்ற தந்திரத் திறனும் சேர்ந்து ஏறும். இரண்டு மூன்று எதிரிகள் ஒரே நேரத்தில் இருந்தால் அடிகள் கூட வரும், பாதுகாப்பு இன்னும் கெதியாக நிரம்பும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சூழ்ந்தால் உங்கள் தற்காப்பின் வலு குறைகிறது என்பதையும் விளையாட்டு கணக்கில் எடுக்கிறது. இரண்டு பேரோடு சுகமாக நின்றவர் நான்கு பேர் வந்ததும் விழுந்துபோவது இதனால்தான். கூட்டம் கூடுவதாகக் கண்டால் ஒருவனைக் கொன்று எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது ‘ரிட்ரீட்’ தட்டி விலகுங்கள். தூரம் இதில் மூன்று வகை: எறிதூரம், ஈட்டித்தூரம், கைத்தூரம். பின்வாங்கும்போது படிப்படியாகத்தான் விலகுவீர்கள், ஆகவே கடைசி நேரத்தில் யோசிக்கக்கூடாது.

‘ஸ்டான்ஸ்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தற்காப்புக்கென்று உங்களிடம் ஒரு தொகைப் புள்ளிகள் இருக்கும், அதை விலகல், பறி, கேடயம் மூன்றுக்கும் பிரித்துக்கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு அதிகபட்சம் 100. தொடக்கத்தில் மூன்றுக்கும் முழுமையாகக் கொடுக்கப் போதாது, அதனால் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ‘டிஃபென்டிங்’ என்ற திறன் வளர வளர அந்தத் தொகையும் கூடும். எனது பழக்கம், விலகலை எப்போதும் 100 இல் வைப்பது, மிச்சத்தை அன்றைக்குப் பின்தங்கி நிற்கும் மற்ற ஒன்றுக்குக் கொடுப்பது. கையில் இரு கை வாள் இருந்தால் கேடயத்தைக் கையில் பிடிக்க முடியாது. வில்லோடு நிற்கும்போது பறியை நம்ப முடியாது. ஆயுதம் மாற்றும்போது ஸ்டான்ஸையும் மாற்ற வேண்டும் என்பதைக் கையோடு பழகிவிடுங்கள், கெதியாக வளர்கிறவர்கள் எல்லோரிடமும் இந்தப் பழக்கம் இருக்கிறது.

அடிப்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. ‘அட்டாக்’ என்று மட்டும் தட்டிக்கொண்டே போகலாம், வேலை செய்யும், ஆனால் அதில் நேரம் வீண் போகும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு ‘ரவுண்ட்டைம்’ உண்டு, அது முடியும்வரை அடுத்ததைச் செய்ய முடியாது. ஓங்கி வெட்டும் அடி காயத்தைப் பெரிதாக்கும், ஆனால் நேரமும் களைப்பும் கூட, உங்கள் சமநிலையும் குலையும். ‘ஃபெய்ன்ட்’ போன்ற போக்குக் காட்டும் அடி பெரிய காயம் தராது, ஆனால் சமநிலையைத் திருப்பித் தரும். சமநிலை கெட்டுப்போனவரின் அடியும் படாது, தற்காப்பும் நிற்காது. ‘அசெஸ்’ தட்டினால் நீங்களும் எதிரியும் எப்படி நிற்கிறீர்கள், யார் எந்தத் தூரத்தில், யாருடைய சமநிலை எப்படி என்று வரும். ‘அனலைஸ்’ என்று ஒன்று இருக்கிறது, அது எதிரியைப் பார்த்து இந்த வரிசையில் அடி என்று சொல்லும், அந்த வரிசையில் அடித்து முடித்தால் ஒரு பலன் கிடைக்கும், டாக்டிக்ஸும் வளரும். சோம்பலில்லாமல் இதைச் செய்கிறவருக்கும் அட்டாக் மட்டும் தட்டுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கிழமைக்குள் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

கவசத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது, பழைய விளையாட்டாளர்கள் எல்லோரும் செய்வது. இலேசான தோல் கவசம், சங்கிலிக் கவசம், பிரிகன்டைன், தகட்டுக் கவசம் என்று நான்கு வகைத் திறன்கள். உடம்புக்கு ஒரு வகை, தலைக்கு ஒரு வகை, கைக்கு ஒரு வகை என்று கலந்து போட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட கவசத் திறன்கள் ஒரே சண்டையில் வளரும். ஆனால் கவசம் உங்கள் அசைவைத் தடுக்கும், பாரமான வகையில் பழக்கமில்லாதவருக்கு அந்தத் தடை பெரிதாகவே இருக்கும். பெரிய பகுதியை நீங்கள் பழகிய வகைக்கும், கையுறை, தலைக்கவசம் போன்ற சிறியவற்றைப் புது வகைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சுமையும் அதே போலத்தான். பையில் தேவையில்லாத ஆயுதங்கள், தோல், காசு என்று நிரப்பிக்கொண்டு நின்றால் விலகல் பாதிக்கும். இந்த விளையாட்டில் காசுக்கும் பாரம் உண்டு, வங்கியில் போட்டுவிட்டுப் போங்கள்.

சண்டை நடக்கும் இடத்திலேயே வேறு திறன்களையும் வளர்க்கலாம். ‘ஹன்ட்’ தட்டிச் சுற்றுவட்டாரத்தைத் தேடினால் அவதானிப்பு வளரும், எதிரியை அப்ரைஸ் செய்வதே மதிப்பிடும் திறனுக்குப் பயிற்சி, செத்ததை உரித்தால் உரித்தல் திறன், இரத்தம் ஓடும் காயத்துக்குக் கட்டுப் போட்டால் முதலுதவி. மந்திரம் தெரிந்த கில்ட் என்றால் தாக்கும் மந்திரத்தையும் எதிரியைத் தளர்த்தும் மந்திரத்தையும் ஒரு ஆயுதம் போலவே சுழற்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

‘டைம் டெவலப்மென்ட் பொயின்ட்ஸ்’ என்று ஒரு புள்ளி, ரேங்க் ஏற ஏறவும் கில்டில் சேர்க்கிள் (கில்டுக்குள் உங்கள் நிலை, மேலே சொன்ன அசைவு அல்ல) ஏறும்போதும் சேரும். அதைக் கொண்டு உடல், மன ஆற்றல்களைக் கூட்டலாம்: பலம், வேகம், சுறுசுறுப்பு, தாங்குசக்தி, கட்டுப்பாடு, நுண்மதி, ஞானம், கவர்ச்சி என்று எட்டு. புதியவர்கள் எல்லாப் புள்ளிகளையும் பலத்தில் கொட்டுகிறார்கள். நுண்மதி கூடினால் தேக்கம் பெரிதாகும், ஞானம் கூடினால் அதிலிருந்து ஊறுவது கெதியாகும். இவை இரண்டும் நீங்கள் இனிமேல் செய்யப்போகிற ஒவ்வொரு சண்டைக்கும் பலன் தருபவை, ஆகவே தொடக்கத்திலேயே கொஞ்சம் போட வேண்டும். அதே நேரம் வேகமும் சுறுசுறுப்பும் இல்லாமல் களத்தில் நிற்க முடியாது. ஒன்றை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால் அடுத்த புள்ளியின் விலை ஏறிக்கொண்டே போகும், அதனால் பரவலாகப் போடுவதுதான் இலாபம்.

இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்து விளையாடுவதைப் பற்றி. நேர வித்தியாசம் எங்களுக்கு ஒரு வகையில் நல்லது, ஒரு வகையில் கஷ்டம். இங்கே பின்னேரம் ஆறரை என்றால் கோடைகாலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் விடிய ஒன்பது மணி, பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். அதனால் வேட்டை இடங்கள் வெறுமையாகக் கிடைக்கும், ஒரு இடத்துக்கு இருவர் போட்டி போடத் தேவையில்லை. ஆனால் செத்துப்போனால் எழுப்புவதற்கு ஒரு கிளெரிக்கோ, காயம் ஆற்ற ஒரு எம்பத்தோ அந்த நேரத்தில் கிடைப்பது குறைவு. விடிய ஐந்தரைக்கு எழும்பி உட்கார்ந்தால் அங்கே இரவு எட்டு மணி, நகரம் நிறைய ஆட்கள். எனவே ஆபத்தில்லாத பழக்கமான இடத்தில் பின்னேரம் பயிற்சி, புது இடத்தைப் பரீட்சிப்பது விடிய. இந்த ஒழுங்கு எனக்கு நன்றாகவே ஒத்துவருகிறது.

சாவு இதில் விளையாட்டல்ல. தெய்வங்களிடம் ‘ஃபேவர்’ என்ற அருளை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்க வேண்டும், அதைப் பொறுத்துத்தான் செத்தபின் பொருட்களோடு திரும்புவீர்களா என்பது இருக்கிறது. அந்த அருளைப் பெறுவதற்கு உங்கள் தேக்கத்தில் இன்னும் ஊறாமல் இருக்கும் அனுபவத்தைக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும். ஆகவே அது இலவசமில்லை, ஆனால் தேக்கங்கள் நிரம்பி நிற்கும் நேரத்தில் போய்க் கொடுத்தால் பெரிய இழப்பும் இல்லை. செத்து எழும்பிய பிறகு கொஞ்ச நேரம் படிப்பும் மந்தமாகும். காயம் ஆற்றிவிடும் எம்பத்துக்கு நன்றி சொல்லி ஒரு தொகை கொடுக்கிறது அங்கே மரியாதை, கேட்காவிட்டாலும் கொடுங்கள். அடுத்த தடவை உங்கள் பெயரைக் கண்டால் ஓடி வருவார்கள்.

இணையத் தொடர்பு இன்னொரு விஷயம். எழுத்து மட்டும் என்பதால் டேட்டா மிகக் குறைவு. இரண்டு மணி நேரம் விளையாடுவது ஒரு காணொளி பார்க்கும் அளவுக்குக்கூட வராது. பழைய லப்டொப் போதும், கிராஃபிக்ஸ் கார்ட் கேள்வியே இல்லை. ஆனால் வேகத்தைவிடத் தொடர்பு அறாமல் இருப்பதுதான் முக்கியம். நான் பாவிக்கும் இணைப்பு மழை நாட்களில் விட்டுவிட்டு வரும், சண்டை நடுவில் அறுந்தால் உங்கள் பாத்திரம் எதிரிகளுக்கு முன்னால் நிற்கும். வானம் கறுத்துக்கொண்டு வந்தால் நான் பலமான இடங்களுக்குப் போவதில்லை, நகரத்துக்குள் இருந்து மற்றத் திறன்களைப் பார்த்துக்கொள்வேன். மின்சாரம் போனால் ரவுட்டரும் போய்விடும் என்பதால் அதற்கொரு சின்ன பேக்கப் வைத்திருப்பது நல்லது.

செலவு: சாதாரணக் கணக்கு மாதம் 14.95 டொலர். எங்கள் காசில் கிட்டத்தட்ட நான்கரை ஆயிரம் ரூபாய், சின்னத் தொகை இல்லை. இலவசக் கணக்கும் உண்டு, அதற்குப் பல கட்டுப்பாடுகள் இருக்கின்றன, ஆனால் மேலே சொன்ன தேக்கம், ஸ்டான்ஸ், எதிரித் தெரிவு எல்லாவற்றையும் அதிலேயே பழகிப் பார்க்கலாம். உடனே காசு கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதலில் இலவசமாகத் தொடங்குங்கள், ஆயுதம் சுழற்றுவது கைக்கு வந்து, இன்னும் வேண்டும் என்று மனம் கேட்டால் அப்போது கட்டுங்கள். கட்டும்போது உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த விளையாட்டு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. நீங்கள் வெளியே இருக்கும்போது ஓய்வு அனுபவம் என்று ஒன்று சேரும், திரும்பி வந்து விளையாடும்போது அது இருக்கும்வரை தேக்கத்தில் இருந்து ஊறுவது கெதியாக நடக்கும். வேலைக்குப் போய்விட்டு வந்து இரண்டு மணி நேரம் உட்காருகிறவர், முழு நேரமும் இருக்கிறவரிடம் அடியோடு தோற்றுப்போகாமல் இருப்பதற்கு இது பெரிய உதவி. வந்தவுடன் சும்மா கதைத்துக்கொண்டு அந்த நேரத்தைக் கழிக்காமல், முதல் வேலையாகக் களத்துக்குப் போய் எல்லாத் தேக்கங்களையும் கொஞ்சம் கொஞ்சம் நிரப்பிவிடுங்கள். ஆயுதங்கள், பாதுகாப்பு, கவசம், டாக்டிக்ஸ், அவதானிப்பு எல்லாம் அசையத் தொடங்கிய பிறகு ஆறுதலாக விளையாடலாம், கதைக்கலாம்.

ஸ்கிரிப்ட் பற்றிக் கேட்பீர்கள். ஆயுதம் மாற்றுவதில் இருந்து உரிப்பதுவரை எல்லாவற்றையும் தானாகச் செய்யும் ஸ்கிரிப்ட்கள் இருக்கின்றன, ஜீனி, லிச் என்ற மென்பொருட்களோடு அவை ஓடும், விளையாட்டும் அதைத் தடை செய்யவில்லை. ஆனால் வழக்கமான உலகத்தில், ஸ்கிரிப்டை ஓடவிட்டு ஆள் எழும்பிப் போய்விடுவது விதிமீறல். யாராவது கேட்டால் பதில் சொல்லும் நிலையில் நீங்கள் திரைக்கு முன்னால் இருக்க வேண்டும். ‘த ஃபோலன்’ என்று இன்னொரு உலகம் தனியாக இருக்கிறது, அங்கே விதிகள் தளர்வு, ஆட்கள் ஒருவரை ஒருவர் கொல்வதும் தாராளம். புதியவர் அங்கே போகத் தேவையில்லை. என் கருத்து இதுதான்: முதல் சில மாதங்களுக்கு எல்லாவற்றையும் கையால் தட்டுங்கள். எந்த எதிரி எப்போது ஆபத்து, சமநிலை எப்போது குலைகிறது என்பதெல்லாம் அந்த வரிகளை வாசித்தால்தான் உள்ளே இறங்கும். ஸ்கிரிப்டில் வளர்ந்து பெரிய ரேங்கோடு நிற்கிற சிலரோடு சேர்ந்து வேட்டைக்குப் போயிருக்கிறேன். ஸ்கிரிப்ட் எதிர்பாராத ஒன்று நடந்தவுடன் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். சண்டை வரிகள் வேகமாக ஓடும், உண்மைதான், ஆனால் அவை திரும்பத் திரும்ப வரும் வரிகள், சில நாட்களில் கண் பழகிவிடும். நிறுவனமே தரும் ராய்த் என்ற மென்பொருளில் காயம், ரவுண்ட்டைம், களைப்பு எல்லாம் தனித்தனியாகத் தெரியும், எழுத்துக்கு நிறமும் கொடுக்கலாம்: உங்கள் அடி ஒரு நிறம், உங்கள் மேல் விழும் அடி சிவப்பு. இதைச் செய்துவைத்தால் வேகத்தால் வரும் பிரச்சினை பாதியாகக் குறைந்துவிடும். பார்வையற்றவர்கள் இப்படியான எழுத்து விளையாட்டுகளைத் திரைவாசிப்பானோடு நன்றாக விளையாடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், அப்படிப்பட்ட நண்பர் யாரும் உங்களுக்கு இருந்தால் கட்டாயம் சொல்லிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் எலாந்திபீடியா என்ற விக்கி இருக்கிறது, ஒவ்வொரு எதிரிக்கும் எந்த ரேங்கில் இருந்து எந்த ரேங்க்வரை பயன் என்பதை விளையாட்டாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டே விளையாடுங்கள்.

குறை என்று சொன்னால், தொடக்கம் செங்குத்தானது. கட்டளைகள் நிறைய, அவற்றில் பலவற்றை யாராவது சொல்லாவிட்டால் நீங்களாகக் கண்டுபிடிக்க நாளாகும். மேல் ரேங்குகளில் ஏற்றம் மிகவும் மந்தமாகிவிடும், நூறில் இருந்து இருநூறுக்குப் போவதும் அறுநூறில் இருந்து எழுநூறுக்குப் போவதும் ஒன்றல்ல. அது தாங்கக்கூடியவர்தான் இதில் நிலைப்பார்.

தொடங்குகிறவர் முதல் கிழமையில் செய்ய இது போதும்: பார்பேரியன், மூன்று ஆயுதம், ஒரு கேடயம், விலகல் 100 இல். எலியில் தொடங்கி, பட்டியல் அசையாமல் நின்ற உடனே அடுத்த இடம். அருள் சேர்க்காமல் நகரத்தை விட்டு வெகுதூரம் போகவேண்டாம். யாழ்ப்பாண நேரம் விடிய ஐந்தரைக்குப் பிறகு உதவி கேட்டால் பதில் சொல்ல ஆட்கள் இருப்பார்கள், தயங்காமல் கேளுங்கள்.